இரட்டைத் தடப் பெருச்சாளி

"இதுல பெருச்சாளி இன்னா அண்ணாச்சி, கன்னுக்குட்டியே பூந்து வரும் போலக்கீது" என்றார் கொத்தனார் பீம்ராவ்.

பின்மதிலின் அடியில், இரண்டடி அகலமும் இரண்டரை அடி உயரமுமாக வாய் பிளந்து கிடந்த ஓட்டையின் முன்னே அவர் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படையை மேற்பார்வையிடும் தளபதியைப் போல ராமசுப்பு நின்றுகொண்டிருந்தார்.

"ஹார்பர் பெருச்சாளிவே அது. கப்பல்ல வார கோதுமையைத் தின்னு வளந்தது. நீரு பேசாம செங்கலை வையும்."

"ஓட்டை ஓரமெல்லாம் வழவழன்னு தேஞ்சு கீது. யாரோ கைய வெச்சு வெச்சுத் தேச்சாப்பல."

"முதுகு உரசியிருக்கும்."

பீம்ராவ் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூலி தருபவரிடம் விலங்கியல் பேசுவது உசிதமன்று என்று கருதியவராய்க் கலவையை அள்ளி அப்பினார். அரை மணி நேரத்தில் ஓட்டை மறைந்தது. ராமசுப்பு தம் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, '12-8-2006. பெருச்சாளி வழி அடைக்கப்பட்டது. இனித் தோட்டத்திற்கு நற்காலம்' என்று எழுதி, அடியில் கோடும் இட்டார்.

ராமசுப்பு தூத்துக்குடிப் பக்கத்தவர். திருவொற்றியூரில் முப்பதாண்டுகள் இரும்புச் சாமான் கடை நடத்தி, அதனை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊரைத் திருத்துவதை முழு நேரத் தொழிலாக மேற்கொண்டிருந்தார். நெய்தல் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அவரே. சங்கத்திற்குத் தலைவர் என்றொருவரும் இருந்தார். ஆயினும் அவர் எப்போது தலையசைக்க வேண்டும் என்பதைச் செயலாளரே தீர்மானித்து வந்தார்.

குடியிருப்பை ஒட்டிய அரை கிரவுண்டு மனையில் இரண்டாண்டுகளாக ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. மனை பசுந்துளிர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. பூமி சூடாகிறது, கடல் ஏறிவருகிறது, ஆகவே ஊருக்கு ஊர் செடி நடுங்கள் என்று சொல்லி அதனை அவர்கள் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். கடற்கரையோரத் தெரு ஒன்று அலைக்கு இரையானதைக் கண்ணால் கண்ட ஊர் அது. ஆகவே இந்தப் பேச்சை எவரும் மறுக்கவில்லை. கீரையும் கத்தரியும் வெண்டையும் அங்கே செழித்தன. கிழமைக்கு ஒரு பிளாக்கு நீர் ஊற்றவேண்டும் என்று அட்டவணை ஒன்று வாயிற்சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஞாயிறுதோறும் ராமசுப்பு ஒரு குடம் நீரைத் தம் கையால் ஊற்றி, அதன் பயனாகவே தோட்டம் தழைக்கிறது என்று உளமார நம்பி வந்தார்.

ஒரே ஒரு குறை. விடிந்து போய்ப் பார்த்தால் ஈர மண்ணில் இரண்டு தடங்கள், தண்டவாளம் போல ஒன்றுக்கொன்று விலகாமல் ஓடும். சில கைப்பிடிக் கீரை குறைந்திருக்கும். குறிப்பேட்டில் அவர் விடாமல் எழுதினார்: 'இன்றும் பெருச்சாளி வருகை. இரண்டு பெருச்சாளிகள் ஜோடியாக நடந்திருக்கலாம். கீரைத் தண்டுகள் ஒரே சீராக அறுபட்டுள்ளன. பற்களின் கூர்மை வியக்கத்தக்கது. களைகளையும் தின்றுள்ளது; அவ்வளவில் நன்மையே.' இதன் நகல் மாதந்தோறும் அறக்கட்டளைக்குப் போகும்.

அந்த அறக்கட்டளையிலிருந்துதான் முந்தைய நாள் கடிதம் வந்திருந்தது. வரும் செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி தங்கள் அலுவலர் நேரில் வருவார். இத்தோட்டப் பணியில் ஊனமுற்றோர் ஒருவரேனும் அன்றாடம் பங்குகொள்கிறாரா என்று பார்ப்பார். அவ்வாறெனில் மனை இன்னும் ஐந்தாண்டுகளுக்குச் சங்கத்தின் வசம். இன்றேல் வேறு பயனுக்கு விடப்படும்.

வேறு பயன் இன்னதென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்டெய்னர் டிரெய்லர்களை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த லாரி முதலாளி ஒருவர் ஏற்கெனவே இருமுறை வந்து, மனையைக் காலால் அளந்துவிட்டுப் போயிருந்தார். சன்னலைத் திறந்தால் டீசல் புகை, இரவெல்லாம் ஹாரன். தோட்டம் போனால் அதுவே கதி.

ஓட்டையை அடைத்த அன்று மாலையே ராமசுப்பு வீடு வீடாகப் போனார். "உங்க வீட்டுல ஊனமுற்றவங்க யாராவது உண்டா?" என்று வாயிலில் நின்று உரக்கக் கேட்டார். மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நான்காம் வீட்டுச் செல்லம்மா, பகல் மூன்று மணிக்குக் கயிற்றுக் கட்டிலில் உறங்கத் தொடங்கி இன்னமும் எழாத தம் கணவரைக் காட்டி, "கையும் காலும் ஆடாது. கூட்டிகினு போறியா அண்ணாச்சி?" என்றார்.

இறுதியில், குடியிருப்பின் முன்னால் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஜெயவேல் அவர் கண்ணில் பட்டார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு கால்கள் சூம்பியவர். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருவார்.

"ஜெயவேலு, இனி நீதான் நம்ம தோட்டத்துக்கு முதல் ஆளு."

"எனக்கு செடின்னாலே ஆவாது அண்ணாச்சி. கிட்ட போனா தும்மல் வந்துரும்."

"தும்மல் புகையால வருது. செடி வளந்தா புகை போயிரும், புகை போனா தும்மலும் போயிரும்."

"அப்போ செடி வளந்தப்புறம் வர்றேனே?"

ராமசுப்புவுக்கு இது பணிவாகத் தோன்றிற்று. உதவி பெறுபவர் முதலில் மறுப்பது வழக்கந்தானே என்று எண்ணி, அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

பூத்துக்கு அப்பால், வேப்பமரத்தடியில் கீரைக்கூடையுடன் கெங்கம்மா அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாக்கு போர்த்திய பலகைமேல் புடவையைப் பரத்திக்கொண்டு விடியும்போதே அமர்ந்திருப்பார். வெயில் ஏறியதும் அவ்விடம் வெறுமையாகிவிடும்; வெயில் தாழ்ந்ததும் மறுபடி கூடையுடன் இருப்பார். நான்காண்டுகளாக ராமசுப்பு வீட்டுக்குக் கீரை அவரிடமிருந்துதான்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். பின்னால சொவத்த அடைச்சுட்டியே..."

"தூசி உன் கீரையில விழுந்துட்டோ? வேலை முடிஞ்சிட்டு தாயி. இனி விழாது."

"அதில்ல அண்ணாச்சி..."

அதற்குள் ராமசுப்பு தெருமுனையை எட்டிவிட்டார். நற்பணி செய்பவர்களுக்கு நடை எப்போதும் சற்று விரைவாகவே இருக்கும்.

முதல் தடை, தோட்ட வாயிலில் இருந்த மூன்று படிகள். ஜெயவேலின் வண்டி ஏறி இறங்க வேண்டுமாயின் படிகளின்மேல் சரிவு ஒன்று அமைக்க வேண்டும். பீம்ராவ் மீண்டும் வரவழைக்கப்பட்டார்.

"சரிவு நீளமா போனாத்தான் அண்ணாச்சி வண்டி மெதுவா எறங்கும். பன்னெண்டு அடியாவது வேணும்."

"பன்னெண்டடி போனா கத்தரிப்பாத்தி போயிருமே! நாலடி போதும்."

"நாலடின்னா அது சரிவு இல்ல அண்ணாச்சி. சறுக்குமரம்."

நாலடியிலேயே கட்டப்பட்டது. ஞாயிறன்று வெள்ளோட்டம். குடியிருப்பே திரண்டிருந்தது. ஜெயவேல் வண்டியின் பிரேக்கைப் பிடித்தபடி மேலே நின்று, கீழே நோக்கினார்.

"அண்ணாச்சி, ஒரு தபா நீ எறங்கிக் காட்டேன்."

"பயப்படாத. நான் பின்னால பிடிச்சுக்கிடுதேன்."

அவர் பிடித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் பிடித்திருந்தது வண்டியின் பின்னால் தொங்கிய துணிப்பையை. பை அவர் கையிலேயே நின்றுவிட்டது, வண்டி போய்விட்டது. கத்தரிப்பாத்தியை ஊடறுத்து, வெண்டைச் செடிகளிடையே புகுந்து, கடைசியில் எருக்குழியின் விளிம்பில் முன்சக்கரம் அந்தரத்தில் சுழல நின்றது. ஜெயவேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு தும்மல் தும்மினார்.

"உயிரோட கீறியா மாமு?" என்று பீம்ராவ் ஓடினார்.

"உசுரு கீது. கத்தரிக்காதான் போச்சு."

நான்கு பேர் சேர்ந்து அவரை வண்டியோடு தூக்கி வெளியே வைத்தார்கள். மறுநாள் முதல் அந்தச் சரிவு குடியிருப்புக்குப் பெரிதும் பயன்படலாயிற்று: இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு மொபெட்டும் அதன்மேல் நிறுத்தப்பட்டன. தெருவில் நிறுத்தினால் டிரெய்லர்காரர்கள் இடித்துவிடுகிறார்கள் என்று உரிமையாளர்கள் காரணம் கூறினார்கள். காரணம் நியாயமானதாகையால் ராமசுப்புவால் மறுக்க முடியவில்லை.

"அந்தச் சறுக்குல வண்டிய வுட்டா, பின்னால சொவத்துலயும் வழியில்லாம, நான் எப்படி..." என்று கெங்கம்மா தொடங்கினார்.

"அது உனக்கில்ல தாயி. ஜெயவேலுக்கு."

"அவனுக்குத்தான் தும்மலாச்சே!"

"பாத்தியா, உனக்கே அவன்மேல அக்கறை இருக்கு" என்று நெகிழ்ந்தவராய் ராமசுப்பு உள்ளே போனார்.

வண்டி கட்டுக்கடங்காமல் ஓடியதற்கு மண்தரையின் வழவழப்பே காரணம் என்று அவர் முடிவு செய்தார். ஆகவே பாத்திகளுக்கிடையே இருந்த நடைவழி முழுதும் அரைச்சாண் உயரத்திற்குக் கருங்கல் ஜல்லி கொட்டப்பட்டது. இம்முறை வண்டி ஓடவில்லை. ஓடவில்லை என்பதோடு, அசையவுமில்லை. சக்கரங்கள் ஜல்லியில் அச்சு வரை புதைந்தன. செருப்பில்லாமல் வந்த குழந்தைகள் வரப்பின்மேல் ஏறி நடந்து கீரையை மிதித்தார்கள். செருப்போடு வந்த பெரியவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குள் வேறொரு விந்தை நிகழ்ந்துகொண்டிருந்தது. பெருச்சாளி அறவே வரவில்லை. ஆயினும் தோட்டம் வாடத் தொடங்கியது. கோரைப்புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கத்தரியில் புழு கண்டது. முளைக்கீரை பூத்து முற்றிக் காய்ந்தது. ஞாயிறுதோறும் ராமசுப்பு ஒரு குடத்திற்குப் பதிலாக இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தார். பயனில்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை.

"கெங்கம்மா கீரை முன்னப்போல இல்லீங்க" என்றார் அவர் மனைவி இசக்கியம்மாள், தட்டில் மசியலை வைத்தபடி. "பறிச்சு ரெண்டு நாளானது மாதிரி வதங்கிக் கெடக்கு. கேட்டா, மார்க்கெட்டுல வாங்கியாந்ததுங்கா. உங்ககிட்ட ஏதோ சொல்லணும், நீங்க நின்னு கேக்கவே மாட்டேங்கியன்னு பொலம்புதா."

"பூமி சூடாகுதுல்லா, கீரை வதங்கத்தான் செய்யும். அதைத்தான் சொல்ல நெனைச்சிருப்பா."

"அவ என்ன சொல்ல நெனைச்சான்னு அவகிட்டயே கேட்டாத்தான் என்ன?"

"தேதி நெருங்குது. ஊனமுற்றவங்களுக்கு வசதி செய்யதை விட்டுட்டு, கீரைக்காரிகிட்ட கதை பேசச் சொல்லுதியா?"

 மறுநாள் இசக்கியம்மாளின் மசியலில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது.

செப்டம்பர் பிறந்தது. இன்னும் மூன்று வாரம். ராமசுப்பு இரவும் பகலும் சிந்தித்து, இறுதியில் தம் வாழ்நாளின் சிறந்த யோசனையைக் கண்டடைந்தார். ஜெயவேல் தரைக்கு இறங்க முடியாதெனில், தரையை ஜெயவேலிடம் உயர்த்திவிட வேண்டியதுதானே!

துறைமுகத்துப் பழஞ்சரக்கு வியாபாரி ஒருவரிடமிருந்து பன்னிரண்டு நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் வந்தன. அவை நெடுக்குவாட்டில் பிளக்கப்பட்டன. ராமசுப்புவின் கடையிலிருந்தே கொணர்ந்த இரும்புக் கோணங்களால் தாங்கிகள் பற்றவைக்கப்பட்டன. தரையில் எஞ்சியிருந்த கீரை, வெண்டை, கத்தரி அனைத்தும் வேரோடு எடுக்கப்பட்டு அந்தத் தொட்டிகளில் நடப்பட்டன.

ஜெயவேலிடம் அளவு கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ராமசுப்பு தம் இடுப்புக்கு நேராகக் கையை வைத்து, "இம்புட்டு" என்றார், அவ்வளவே. நெடிதுயர்ந்த மனிதரின் இடுப்பு, வண்டியில் அமர்ந்திருப்பவரின் மோவாய்க்கு நேராக வந்தது.

"செடி தெரியுதா ஜெயவேலு?"

"பீப்பா தெரியுது. அதுக்கு மேல வானம் தெரியுது."

"கையை நீட்டிப் பாரு."

ஜெயவேல் கையை மேலே நீட்டித் துழாவினார். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் கையுயர்த்திய பையனைப் போலிருந்தது. அப்போது செல்லம்மா வாளி நீரைக் கொண்டுவந்து முதல் தொட்டியில் ஊற்றினார். ஊற்றியதும் உள்ளிருந்து வெண்ணிற நுரை பொங்கி எழுந்தது. எழுந்து, வழிந்து, ஜெயவேலின் மடிமேல் இறங்கிற்று. அந்தப் பீப்பாய்கள் கடல் கடந்து வந்தபோது அவற்றில் சோப்பெண்ணெய் இருந்திருக்கிறது.

"கீரைய கழுவித்தான் ஆக்கணும்னு சொல்லுவாங்கோ. இங்க கழுவிகினே வளக்குறாங்கோ!" என்றார் செல்லம்மா.

கண்பார்வை இல்லாதவர்கள் எவரேனும் வரக்கூடும் என்று நெடுகக் கட்டியிருந்த கைப்பிடிக் கயிற்றின் கதை வேறு. கட்டிய அன்று மாலையே அதில் பதினாறு புடவைகளும் ஒரு வரிசை நெத்திலிக் கருவாடும் காய்ந்தன.

வெளியே வரும்போது கெங்கம்மா மறுபடியும் அழைத்தார். இம்முறை அவர் குரலில் கெஞ்சல் இல்லை.

"யோவ் அண்ணாச்சி! அம்மாம் ஒசரத்துல கொண்டுபோய் வெச்சா எப்படிய்யா எட்டும்?"

"எட்டும் தாயி. தாங்கியை ரெண்டு இஞ்சு அறுக்கச் சொல்லியிருக்கேன்."

"ரெண்டு இஞ்சா! தரையில வெய்யி, சொல்றேன்."

"தரையில வெச்சா ஊனமுற்றவங்களுக்கு எப்படி எட்டும்? உனக்கு இதெல்லாம் புரியாது."

 கெங்கம்மா வதங்கிய கீரைக்கட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் நீரைத் தெளித்தார். கீரைக்கு அது தேவைப்பட்டதைவிட, கோபத்தை அடக்க அவர் கைக்கே தேவைப்பட்டது போலிருந்தது.

செப்டம்பர் இருபத்து நான்கு வந்தது.

விடியற்காலை ஆறு மணிக்கே நான்கு பேர் ஜெயவேலை வண்டியோடு தூக்கி, நடுத்தோட்டத்தில், ஜல்லியின்மீது நிலைநிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு மண்வாரி கொடுக்கப்பட்டிருந்தது. பூட்டிய பூத்தின் முன்னால் ஊருக்குப் பேச வந்தவர்கள் நின்று சத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவின் எதிர்ப்புறத்தில் லாரி முதலாளி வந்திருந்தார், இம்முறை காலால் அளக்க வரவில்லை, அளவுநாடாவே கொண்டுவந்திருந்தார்.

பத்து மணிக்கு அலுவலர் சுகிர்தம் ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும்; கையில் தடித்த கோப்பு; முகத்தில் எதையும் எளிதில் நம்பாத அமைதி. சரிவின்மேல் நின்ற ஸ்கூட்டர்களைக் கண்டார். சுற்றிக்கொண்டு, எஞ்சியிருந்த ஓரப் படி வழியாக இறங்கினார். ஜல்லியில் செருப்பு புரண்டது. கருவாட்டைக் குனிந்து கடந்தார். நீலப் பீப்பாய்களின்மேல் நின்ற காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"செடி எங்கே சார்?"

"வளந்துக்கிட்டு இருக்கும்மா" என்றார் ராமசுப்பு.

சுகிர்தம் ஜெயவேலிடம் சென்றார். "நீங்க தினமும் இங்கே வர்றீங்களா?"

"இன்னிக்கு வந்தேன் மேடம்."

"வந்து என்ன வேலை செய்வீங்க?"

"தும்முவேன் மேடம்" என்றார் ஜெயவேல். சொன்னதைச் செய்தும் காட்டினார்.

கூட்டத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். ராமசுப்பு சிரிக்கவில்லை. டிரெய்லர்களின் ஹாரன் ஒலி இப்போதே அவர் காதில் கேட்கத் தொடங்கியிருந்தது.

சுகிர்தம் கோப்பைத் திறந்து, பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தார். "போன வருஷம் பச்சைப்பசேல்னு இருந்திருக்கு. அப்போ யார் பார்த்துக்கிட்டாங்க?"

"நாங்கதான்!" என்று ஏழு பிளாக்கினரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"களை எடுத்தது எந்த பிளாக்?"

ஏ பிளாக்கு பி பிளாக்கைப் பார்த்தது. பி பிளாக்கு சி பிளாக்கைப் பார்த்தது. ஜி பிளாக்கு வரை போன பார்வை, அங்கிருந்து போக்கிடமின்றித் திரும்பி ராமசுப்புவிடம் வந்து சேர்ந்தது.

"நான் ஞாயித்துக்கிழமைதோறும் ஒரு குடம்..." என்றார் அவர். சொல்லும்போதே, அரை கிரவுண்டுக்கு ஒரு குடம் என்பது அவருக்கு முதன்முறையாகச் சிறிதாகத் தோன்றிற்று.

"சார், உங்க குறிப்பேட்டு நகலை நான் முழுசா படிச்சேன்" என்றார் சுகிர்தம். "ரெண்டு வருஷமா நீங்க பேர் சொல்லி, தினமும் வந்ததா எழுதியிருக்கிறது ஒரே ஒரு ஆளைத்தான். பெருச்சாளி. அது வந்த வரைக்கும் களை இல்லை, செடி செழிப்பு. ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி வழியை அடைச்சீங்க. பதின்மூன்றிலேருந்து எல்லாம் காயுது." அவர் பேனாவைத் திறந்தார். "இந்தப் படிவத்துல, 'தோட்டத்தில் அன்றாடம் பணியாற்றுபவர்'னு ஒரு இடம் இருக்கு. உங்க எழுத்துப்படி பார்த்தா, நான் பெருச்சாளின்னுதான் எழுதணும்."

அவ்வாறே எழுதவும் செய்தார். தெருவின் எதிர்ப்புறத்தில் அளவுநாடா சரசரவென்று விரிந்தது.

அந்நேரத்தில் பின்மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி! இப்பவாச்சும் நான் பேசலாமா?"

"கெங்கம்மாவா? நீ எதுக்குத் தாயி அங்கன போன? முன்னால வா."

"முன்னால ஸ்கூட்டர நிக்க வெச்சிட்டு, வான்றியா? பீம்ராவு நைனா, அந்தக் கலீஜு செங்கல்ல ஒரு போடு போடு."

பீம்ராவ் ராமசுப்புவைப் பார்த்தார். இசக்கியம்மாள்தான் சொன்னார்: "இடியும்வே!"

கடப்பாரை நான்கு முறை விழுந்தது. செங்கற்கள் சரிந்தன. புழுதி அடங்கியதும், வழவழப்பான அந்த விளிம்பை ஒரு கை பழக்கத்தோடு பற்றியது. தலை தாழ்ந்து உள்ளே வந்தது. பின்னர், பால்பேரிங் சக்கரங்கள் நான்கு பொருத்திய, சாக்கு போர்த்திய சதுரப் பலகை ஒன்றின்மேல் அமர்ந்தவாறே, கைகளால் தரையை உந்திக்கொண்டு கெங்கம்மா முழுதாக உள்ளே வந்து சேர்ந்தார். மடியில் கீரை அரிவாள் இருந்தது.

"கெங்கம்மா... உனக்குக் காலு..." என்றார் ராமசுப்பு.

"நாலு வருசமா கீரை வாங்குற, தெரியாதா?" என்றார் ஜெயவேல், தும்மல்களுக்கிடையே. "ஒக்காந்து விக்கிறவங்க எழுந்து நின்னு நீ எப்ப பாத்த?"

ஜல்லி கொட்டாத மதிலோரம், தொட்டிகளிலிருந்து ஒழுகிய நீரில் மண் நனைந்திருந்தது. அதன்மேல் பலகை உருண்டு வந்த வழியில், தண்டவாளம் போல, ஒன்றுக்கொன்று விலகாமல் இரண்டு தடங்கள் பதிந்திருந்தன. ராமசுப்பு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப்பையில் குறிப்பேடு திடீரென்று கனத்தது.

கெங்கம்மா அவரைப் பொருட்படுத்தவில்லை. ஜல்லியின் விளிம்பு வரை வந்தவர், போகிற போக்கில் ஒரு கோரைப்புல்லை வேரோடு பிடுங்கி ஓரமாக எறிந்துவிட்டு, சுகிர்தத்தின் கையிலிருந்த படிவத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"பெருச்சாளின்னு எழுதிக்கினியே மேடம், அத்த அடிச்சுட்டு கெங்கம்மான்னு எழுதிக்கோ."